சாரதி இல்லா வண்டியும் சட்டமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல ரயில் பிரயாணச் சலுகைகளைப் பற்றியோ, ஊருக்குப் போகும் வண்டிகளின் நேரமாற்றத்தைப் பற்றியோ நாலு வார்த்தை சொல்லிவிட்டு அமரலாம் என்றே நாம் எண்ணியிருந்தோம். நம் இளைஞர்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "சாரதி இல்லாமல் தாமே ஓடும் கார்கள் அயல்நாட்டு வீதிகளில் ஓடுகின்றன. அவற்றுக்குச் சட்டம் என்ன? நம் பஜார் ரோட்டில் அப்படி ஒன்று வந்து ஒருவர்மேல் மோதினால் போலீசார் யாரைப் பிடிப்பார்கள்? அதைச் சொல்லுங்கள்" என்றார்கள். நாம் வக்கீல் அல்ல. மெட்ரிகுலேஷனோடு படிப்பு நின்றது. கார் ஓட்டவும் தெரியாது. ஆயினும் விபத்து, விசாரணை, நஷ்டஈடு என்னும் மூன்று சொற்களோடு ரயில்வே குமாஸ்தாவாக இருபது ஆண்டுப் பழக்கம் நமக்கு உண்டு. அந்தத் தைரியத்தில் பேசத் துணிந்தோம்.

முதலில் நம் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நம் பக்கத்து வீட்டு அண்ணாச்சி இதோ முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய சம்மதம் பெற்றே இதைக் கூறுகிறோம். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை, மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டியை அவர் பஜார் ரோட்டில் தள்ளிக்கொண்டு போனார். கிடங்கு ஒன்றிலிருந்து பின்னோக்கி வந்த சிறு லாரி அவரைச் சாய்த்துவிட்டது. கால் சக்கரத்தின் அடியில் சிக்கியது. லாரியை ஓட்டியவர் ஓர் இளம் மலையாளி. கூச்சல் கேட்டதும் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்தினார், குதித்து இறங்கினார், தரையில் படுத்துச் சக்கரத்தின் அடியைப் பார்த்தார். வண்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்தக்கூடாது என்று கண்டுகொண்டு, சுமை தூக்குவோர் நால்வரை அழைத்து லாரியைத் தூக்கிப் பிடிக்கச் செய்து, காலை விடுவித்தார். பிறகு ஆட்டோவில் அண்ணாச்சியின் காலைத் தம் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து நேரே போலீஸ் நிலையத்துக்கும் போனார். தவறு அவருடையதுதான், அதை அவர் மறுக்கவும் இல்லை.

அவர் செய்தது நல்ல மனத்தினால் என்பது உண்மை. ஆனால் சட்டமும் அதையே கட்டளையிடுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவைப் பாருங்கள். விபத்து நேர்ந்தால் காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது வண்டி ஓட்டியவரின் கடமை. போலீசாருக்குத் தகவல் தருவதும் அவர் கடமை. சாரதியை எடுத்துவிட்டால் இந்தக் கடமைகள் யாருடையவை? இன்று நாம் பேசப்போவது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

தானே ஓடும் வண்டி என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் பல தரம் உண்டு. அமெரிக்கப் பொறியாளர் சங்கம் ஒன்று பூஜ்யம் முதல் ஐந்து வரை படிகள் வகுத்திருக்கிறது. முதல் இரண்டு படிகளில் வண்டி தானாக பிரேக் போடும். கோட்டை விட்டு விலகாமல் செல்லும். ஆனால் மனிதர் கண்ணை எடுக்கக்கூடாது. நம் நாட்டில் இப்போது விற்கும் புதிய கார்கள் சிலவற்றில் உள்ள வசதி இவ்வளவே. விற்பவர் எவ்வளவு அழகாகப் பேசினாலும், வளையத்திலிருந்து கையை எடுத்து விபத்து நேர்ந்தால் குற்றம் ஓட்டியவர் தலையில்தான் விழும். கார் வாங்கிய பிள்ளைகளைப் பெற்றோர் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாம் படியில் இயந்திரம் ஓட்டும். அது கூப்பிட்டால் மனிதர் ஏற்க வேண்டும். நான்காம் படியில், குறித்த எல்லைக்குள் மனிதரே வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ நகரங்களில் பிரயாணி பின் ஆசனத்தில் ஏறி அமர, முன் ஆசனம் காலியாகவே ஓடும் டாக்ஸிகள் இந்த வகை. எங்கும் எப்போதும் தானே ஓடும் ஐந்தாம் படி இன்னும் பிறக்கவில்லை. நம் நாட்டிலும் 2025-இல் 'ஸ்வயம்கதி' என்ற பெயரோடு சாரதியில்லா மின்சார ஆட்டோ ஒன்று அறிமுகமாயிற்று. விமான நிலையம், கல்லூரி வளாகம் போன்ற அடைப்புகளுக்குள் மெல்ல ஓடத் தக்கது என்றே அதைச் செய்தவர்கள் கூறினார்கள். ஆட்டோ ஓட்டும் நம் சகோதரர்கள் உடனே கலங்க வேண்டாம்.

நம் நாட்டுப் பொது வீதியில் இவை ஓடலாமா என்றால், இன்றுள்ள சட்டப்படி முடியாது. ஓட்டுநர் உரிமம் இல்லாத எவரும் பொது இடத்தில் மோட்டார் வண்டி ஓட்டக்கூடாது என்கிறது 3-ஆம் பிரிவு. உரிமம் மனிதருக்கு உண்டு, இயந்திரத்துக்கு ஏது? 126-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஓட்டுநர் ஆசனத்தில் உரிமம் பெற்றவர் இல்லாவிட்டால், இயந்திரத்தை நிறுத்தி பிரேக் போடாமல், பொது இடத்தில் வண்டியை நிற்க விடவும் கூடாது! ஆளில்லா வண்டி ஓடுவது கிடக்கட்டும், உயிரோடு நிற்பதே குற்றம். இந்தியா ஏற்றுக்கொண்ட 1949-ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஓர் ஓட்டுநர் வேண்டும் என்கிறது. வண்டி இழுக்கும் மாட்டுக்கும் ஆள் வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. நம் ஊர் மாட்டுவண்டிக்காரர் இரவில் வண்டியில் உறங்க, மாடு தானே வீடு வந்து சேரும் கதை பலருக்குத் தெரியும். ஜெனீவாவில் கூடியவர்கள் அந்த மாட்டைப் பார்த்ததில்லை போலும்.

ஆனால் ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 2-பி என்ற பிரிவு சேர்ந்தது. புதுமையையும் ஆராய்ச்சியையும் ஊக்குவிக்கும் பொருட்டு, சிலவகை வாகனங்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்தே விலக்கு அளிக்க மத்திய சர்க்காருக்கு அது அதிகாரம் தருகிறது. மறுபுறம், சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017-லும், மீண்டும் 2023 டிசம்பரிலும், ஓட்டுநர்களின் பிழைப்பு போய்விடும் என்ற காரணத்தைக் காட்டி, சாரதியில்லாக் கார்களை அனுமதிக்கப் போவதில்லை என்றார். அமைச்சரின் வாக்கு சட்டம் ஆகாது. 2-பி பிரிவோ சட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆகையால் கதவு ஒரு நாள் திறக்கலாம் என்று கொண்டே பேசுவோம்.

புதிய வண்டியைக் கண்டு சட்டம் மிரள்வது புதிதல்ல. 1865-இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. சாலையில் செல்லும் இயந்திர வண்டிக்கு முன்னே அறுபது கெஜ தூரத்தில் ஒருவர் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும். ஊருக்குள் வேகம் மணிக்கு இரண்டு மைல். இந்தக் கொடி விதி பின்னர்த் தளர்ந்தது; 1896-இல் மோட்டார் வண்டிகள் அந்தக் கட்டுகளிலிருந்து விடுபட்டன. இன்று அதைக் கேட்டுச் சிரிக்கிறோம். கொடி பிடித்தவரிடம் ஒரு நன்மை இருந்தது. ஏதாவது நேர்ந்தால் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார்.

பக்கத்தில் ஆள் இல்லாதபோது என்ன நேரும் என்பதற்குச் சான்று 2023 அக்டோபர் 2-ஆம் தேதி இரவு சான் பிரான்சிஸ்கோவில் கிடைத்தது. வீதியைக் கடந்த ஒரு பெண்மணியின் மீது மனிதர் ஓட்டிய கார் ஒன்று மோதி, அவரைப் பக்கத்துத் தடத்தில் எறிந்தது. அங்கே வந்தது குரூஸ் என்ற கம்பெனியின் சாரதியில்லா டாக்ஸி. அது மோதி நின்றது. அதுவரை அதன்மேல் பெருங்குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நின்ற வண்டி, மோதல் நேர்ந்தால் ஓரமாக ஒதுங்க வேண்டும் என்ற தன் விதிப்படி மீண்டும் நகர்ந்தது. அடியில் கிடந்தவரையும் சுமார் இருபது அடி இழுத்துச் சென்றது. தரையில் படுத்துப் பார்த்த நம் லாரிக்காரரை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலமும் நகரக்கூடாது என்று அவருக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்தது இன்னும் கவனிக்கத் தக்கது. அரசாங்கத்துக்குத் தந்த அறிக்கையில் இழுத்துச் சென்ற செய்தியைக் கம்பெனி முழுமையாகச் சொல்லவில்லை. கலிபோர்னியா மாநிலம் அதே மாதம் 24-ஆம் தேதி அதன் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2024-இல் மத்திய சாலைப் பாதுகாப்பு இலாகா 15 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. பொய்யறிக்கை தந்ததற்காக வேறு 5 லட்சம் டாலர் கட்டவும் கம்பெனி ஒப்புக்கொண்டது. சாரதி இருந்தால் அவரும் பொய் சொல்லலாம். ஆனால் சுற்றி நின்று பார்த்தவர்கள் சாட்சி சொல்வார்கள். இயந்திரம் எதைக் கண்டது, என்ன நினைத்தது என்பதற்குச் சாட்சி அதன் நினைவுப் பேழை ஒன்றே. அந்தப் பேழையின் சாவி கம்பெனியின் கையில்!

ரயில்வேயில் பெரும் விபத்து நேர்ந்தால் விசாரிப்பவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். ரயிலை ஓட்டுகிறவரே ரயிலை விசாரிக்கக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. சாரதியில்லா வண்டிக்கு நம் நாட்டில் சட்டம் எழுதுவோர் வேறெதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது என்பது நம் கருத்து.

இனி, ஆள் இருந்தும் அவர் சாரதியாக இல்லாத இரண்டுங்கெட்டான் நிலையைப் பார்ப்போம். 2018 மார்ச் 18-ஆம் தேதி இரவு, அரிசோனா மாநிலத்தின் டெம்பே நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணி ஊபர் கம்பெனியின் சோதனை வண்டி மோதி இறந்தார். வண்டியைக் கணிப்பொறி ஓட்டியது. மேற்பார்வைக்கு ஒருவர் ஆசனத்தில் அமர்த்தப்பட்டிருந்தார். அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது குற்றச்சாட்டு. அது தவறுதான். ஆனால் அந்தக் காரில் அதைச் செய்த தொழிற்சாலை வைத்த தானியங்கி பிரேக்கை, கணிப்பொறி ஓட்டும் வேளையில் செயல்படாதபடி வைத்திருந்தார்கள். எதிரே வந்தது காரா, சைக்கிளா என்று இயந்திரம் மாறி மாறிக் குழம்பியது. கம்பெனியின் பாதுகாப்புப் பழக்கங்கள் போதாதவை என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமே எழுதியது. முடிவு என்ன? கம்பெனிமீது குற்ற வழக்கு இல்லை என்று 2019-இல் அரசு வக்கீல் அறிவித்தார். ஆசனத்தில் அமர்ந்திருந்த கூலிக்காரர் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உள்ளானார்.

இதைப் படித்தபோது நமக்கு ஒரு பழைய காயம் வலித்தது. ரயில்வேயில் சேருமுன், ஒரு தனியார் சரக்கு அலுவலகத்தில் சில காலம் கணக்கெழுதினோம். கணிப்பொறி தானே கூட்டித் தந்த பட்டியலில் பிழை இருந்தது. கூட்டும் முறையை அமைத்தவர் வேறொருவர். நாம் அதைத் திருத்தவும் முடியாது, திறந்து பார்க்கவும் முடியாது. ஆனால் அடியில் இருந்த கையொப்பம் நம்முடையது. மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்தார்கள். "கணிப்பொறிக்குச் சம்பளம் இல்லையே, அதில் எப்படிப் பிடிப்பது?" என்று மேலாளர் சிரித்துக்கொண்டே கேட்டார். வாழ்வில் மறக்க முடியாத சிரிப்பு அது.

நாளை நம் நாட்டிலும் 'ஓட்டுநர்' என்று பெயரில்லாமல் 'கண்காணிப்பாளர்' என்று பெயரிட்டு, பாதிச் சம்பளத்துக்கு ஒரு பையனை ஆசனத்தில் அமர்த்துவார்கள். அவன் நம் கடையநல்லூர்ப் பையனாகவோ, இராமநாதபுரத்துப் பையனாகவோ இருப்பான். பத்து மணிநேரம் ஒன்றுமே செய்யாமல் விழித்திருப்பதுதான் வேலை. பதினோராவது மணியில் ஏதாவது நேர்ந்தால் குற்றவாளிக் கூண்டு அவனுக்கு. வண்டி ஓட்டுவதைவிட, ஓட்டாமல் விழித்திருப்பது கடினம் என்று நம் லோகோ பைலட் நண்பர்கள் சொல்வார்கள். அதனால்தான் ரயில் என்ஜினில், ஓட்டுபவர் விழிப்போடு இருக்கிறாரா என்று அடிக்கடி சோதித்து, பதில் இல்லாவிட்டால் வண்டியை நிறுத்திவிடும் கருவி இருக்கிறது.

இந்த அநீதியை முன்கூட்டிக் கண்டு தடுக்க முயன்ற சட்டம் பிரிட்டனில் 2024 மே மாதம் நிறைவேறிய தானியங்கி வாகனச் சட்டம். வண்டி தானே ஓடும் என்று சொல்லி அனுமதி பெறும் நிறுவனம் எதுவோ, வண்டி ஓடும் முறைக்கு அதுவே பொறுப்பு. உள்ளே அமர்ந்திருப்பவர்மேல், வண்டி தானே ஓடிய நேரத்தில் அது ஓடிய விதத்துக்காகக் குற்றம் சாட்ட முடியாது. காப்பீடு, பெல்ட் போன்றவை மட்டும் அவர் பொறுப்பு. கவனமும் திறமையும் உள்ள மனித ஓட்டுநரின் தரத்துக்குக் குறைவாக இயந்திரம் ஓடக்கூடாது என்பதும் அதில் உண்டு. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருவதற்கு 2027-இன் பிற்பகுதியை அந்நாட்டுச் சர்க்கார் குறித்திருக்கிறது. அதற்கு முன்பே 2018-இல் அவர்கள் வேறொன்று செய்தார்கள். தானே ஓடிய வண்டியால் அடிபட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு வண்டியைச் செய்தவரிடம் போய் அது வழக்காடிக்கொள்ளட்டும் என்றார்கள். யானையோடு யானை மோதட்டும், எறும்பை நடுவில் நிறுத்தாதே என்பது அதன் பொருள்.

இந்தக் கொள்கை நமக்குப் புதிதல்ல. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 124-ஆம் பிரிவு, ரயில் விபத்தில் பிரயாணி இறந்தாலோ காயமுற்றாலோ, தவறு யாருடையது என்று பாராமலே நஷ்டஈடு தரச் சொல்கிறது. 2017 ஜனவரி 1 முதல் மரணத்துக்கு 8 லட்சம் ரூபாய். எந்தப் பாயிண்டு பிசகியது, எந்த சிக்னல் பழுதுபட்டது என்று கணவனை இழந்த பெண் நிரூபிக்க வேண்டியதில்லை. சாலை விபத்துக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, 2022 ஏப்ரல் 1 முதல், தவறை நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் என்று, வண்டி உரிமையாளரோ காப்பீட்டு நிறுவனமோ கொடுக்கச் சொல்கிறது. அதற்கு மேல் வேண்டுமானால் ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபிக்கும் வழி ஒன்று உண்டு. சாரதியில்லா வண்டியில் அந்த வழி அடைபட்டுவிடும். லட்சக்கணக்கான வரிகளில் எழுதிய கணிப்பொறி ஏற்பாட்டில் எந்த வரி பிசகியது என்று பஜார் ரோட்டுச் சுமைதூக்கி எப்படி நிரூபிப்பார்? ஆகவே நிரூபிக்கும் பாரம் இயந்திரத்தைச் செய்தவர் தோளுக்கு மாற வேண்டும்.

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். 2023 அக்டோபர் 1-ஆம் தேதி நள்ளிரவில், நம் கொச்சியிலிருந்து கொடுங்ஙல்லூருக்குப் புறப்பட்ட கார் ஒன்று வட பறவூர் அருகே கொத்துருத்துப் பகுதியில் ஆற்றில் இறங்கியது. பெருமழை. கைப்பேசி வழிகாட்டியைப் பின்பற்றிச் சென்றார்கள் என்று செய்தி வந்தது. ஐவரில் இரண்டு இளம் டாக்டர்கள் இறந்தனர். மறு ஆண்டு நவம்பரில், உத்தரப் பிரதேசத்தில், முடியாத பாலத்திலிருந்து கார் ஒன்று ராம்கங்கை ஆற்றில் விழுந்து மூவர் இறந்தபோது, பொதுப்பணித் துறைப் பொறியாளர்களோடு வரைபட நிறுவனத்து அலுவலர் ஒருவரையும் சேர்த்துப் போலீசார் வழக்குப் பதிந்தார்கள். அங்கே மனிதர்தான் ஓட்டினார்; வழி சொன்னது இயந்திரம். வழி சொல்லும் இயந்திரத்தின் பொறுப்பே நம் நாட்டில் இன்னும் தெளிவாகவில்லை. ஓட்டும் இயந்திரத்துக்கு எங்கே போவது?

அப்படியானால் இயந்திரமே வேண்டாம் என்பது நம் கட்சியா? இல்லை. 2020 டிசம்பர் 28-ஆம் தேதி டில்லி மெட்ரோவின் மெஜந்தா பாதையில் ஓட்டுநரில்லா ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் விதியை மாற்றினார்கள். பழைய விதி அதற்கு இடம் தரவில்லை. விதி முதலில், வண்டி பிறகு என்ற வரிசை நமக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அங்கே பாதைக்குள் ஆடுமாடோ, கைவண்டியோ, பள்ளிப் பிள்ளையோ வர முடியாது. நம் வீதிகளைப் பாருங்கள். லாரி நிற்கும் இடத்தில் மூட்டை இறங்கும். மூட்டை இறங்கும் இடத்தில் ஆடு படுத்திருக்கும். யூதர் வீதியைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் அந்த ஆட்டைப் படம் பிடித்துக்கொண்டு சாலை நடுவில் நிற்பார். நம் ஆட்டோக்காரர்கள் கண்ணாலும் கையசைவாலும் ஒருவரோடொருவர் பேசி இதைக் கடக்கிறார்கள். இந்தப் பேச்சு எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.

பிழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அமைச்சர் சொன்ன காரணம் நம் குடும்பங்களுக்கு இனிக்கும். இந்தக் காலனியில் நாலு வீட்டுக்கு ஒருவர் வண்டி ஓட்டுகிறார். ஆனால் அந்தத் தடையை மட்டும் நம்பி உறங்குவது நமக்குச் சம்மதமில்லை. ஓர் அமைச்சர் போய் வேறொருவர் வந்தால் தடை போய்விடும். வேலை போகுமானால் ஓட்டியவருக்கு என்ன ஏற்பாடு என்பதும் அனுமதியின் நிபந்தனைகளில் ஒன்றாக, எழுத்தில் இருக்க வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் ஓட்டுநர் சங்கங்கள்; இப்போதே கேட்க வேண்டும்.

முடிக்குமுன், சாரதி இருக்கும் இன்றைய வண்டிகளுக்கே பயன்படும் ஒன்று. அடிபட்டவரைத் தூக்கினால் போலீசும் கோர்ட்டும் அலைக்கழிக்கும் என்று பயந்து ஒதுங்குவோர் நம்மிலும் உண்டு. 2019 திருத்தத்தில் வந்த 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவர்மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராமல் காக்கிறது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆகையால் தயங்காமல் தூக்குங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பிள்ளைகளின் நாடகமும் காத்திருக்கிறது. சட்டத்தைப் பற்றிய ஐயங்கள் இருந்தால் தேநீர் வேளையில் நம்மிடம் கேட்கலாம். கார் ஓட்டுவதைப் பற்றிய ஐயங்களை நம் மகளிடம் கேளுங்கள். வீட்டில் உரிமம் வைத்திருப்பது அவள்தான்.